ராதிமின் விலா எலும்புகளில் ஒரு பாட்டு

அந்த நாட்டில் தடைசெய்யப்பட்ட ராக் பாட்டுகளை மருத்துவமனை எக்ஸ்ரே படங்களில் வெட்டி இசைத்தட்டாக்கினார்கள். தட்டு எங்கே சுழன்றாலும், படத்துக்கு உரியவரின் நெஞ்சும் அதே பாட்டைப் பாடியது. ஒரு டிராம் ஓட்டுநரின் நெஞ்சிலிருந்து வேலை நேரத்தில் கிட்டார் கேட்டது. அவரைச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளி ஆசிரியை ஒருத்திக்குப் பின்னப் பெருக்கலின் நடுவே டிரம்ஸ் வந்தது. அவள் சால்வையை இறுக்கிக்கொண்டாள், பயனில்லை. அதன்பிறகு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைகளில், ஸ்டெதஸ்கோப் மாட்டிய அதிகாரிகள் தொழிற்சாலை வாசல்களில் நின்றார்கள்.

ஆகவே இசைக்காரர்கள் இறந்தவர்களின் படங்களை மட்டுமே வாங்கினார்கள். இறந்த நெஞ்சு பாடுவதில்லை.

படங்களைக் கொடுத்தவள் மிலாடா. காசநோய் மருத்துவமனையின் படக்கிடங்கில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. உயிரோடிருப்பவர்கள் சன்னல் பக்க அலமாரியில், இறந்தவர்கள் சுவர்ப்பக்கம். இறந்தவர்களை ஓராண்டு வைத்திருந்து எரிக்கவேண்டும் என்பது விதி. எரிக்கும் நாளில் அவள் பத்துப் படங்களைக் குறைத்து எரிப்பாள். அந்தப் பத்தும் கீழ்த்தளத்துக் கொதிகலன் அறைக்குப் போகும். அங்கே கரி தள்ளும் திபோர், கரி தள்ளாத நேரத்தில் கிட்டார் வாசிப்பான். படத்தை வட்டமாகக் கத்தரித்து, நடுவில் சிகரெட் நெருப்பால் துளையிட்டு, பாட்டை வெட்டுவான். புகைபிடித்தவர்களின் நுரையீரலில் பேஸ் கிட்டார் நன்றாக இறங்கும் என்பது அவன் அனுபவம்.

மிலாடாவின் கணவன் ராதிமை நான்கு வருடங்களுக்கு முன் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஆறு மாதத்தில் கடிதம் வந்தது: நுரையீரல் பலவீனத்தால் மரணம். அவள் அவன் படத்தைச் சுவர்ப்பக்கம் மாற்றினாள். எரிக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பனி விழுந்த வயலைப்போல் இரண்டு நுரையீரலும் சுத்தமாக இருந்தன. வேலை தெரிந்தவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

உயிரோடிருப்பவரின் தட்டில், பாட்டுக்குள் அவர் மூச்சும் கேட்கும். அதை எல்லோரும் அறிவார்கள்.

“இதுல ஒண்ணு வெட்டு,” என்றாள்.

திபோர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்தான். மூலையில் பெயர் இருந்தது.

“தோழர், இது உங்க வீட்டுக்காரர்.”

“செத்தவங்க அலமாரியிலதான் இருந்தார்.”

“ஒருவேளை உயிரோட இருந்தா? முகாம்ல நெஞ்சு பாடுச்சுன்னா அடிச்சே கொன்னுடுவாங்க.”

“தெரியும். ஒரே தடவை ஓட்டு. சின்னப் பாட்டாப் பாத்து.”

“எங்ககிட்ட சின்னப் பாட்டே கிடையாது தோழர். டிரம்ஸ்காரன் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான்.”

“அப்ப அவன் கையைப் பிடிச்சுக்கோ.”

மே தின ஊர்வலத்துக்கு நகரம் முழுவதும் சதுக்கத்துக்குப் போயிருந்த பகலில், தட்டு சுழன்றது. மேலே தெருவில் பித்தளை வாத்தியங்கள் கடந்துபோயின. கீழே ராதிமின் விலா எலும்புகள் சாம்பல் நிறத்தில் சுற்றின. ரொட்டிக்கு வரிசையில் நின்றோம், மழைக்கும் வரிசையில் நிற்கிறோம் என்றது பாட்டு. முதல் சரணம் முடிந்தது. மூச்சு இல்லை. மிலாடா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை கரி படிந்து, வேறு யாருடையவையோ போல இருந்தன.

இரண்டாம் சரணத்தில் யாரோ இருமினார்கள். பிறகு ஒரு குரல் சேர்ந்துகொண்டது. சுருதியில் இல்லாத, அரைத்தாளம் பின்தங்கிய குரல்.

“எங்க பாட்டைக் கெடுக்கிறது யாரு?” என்றான் திபோர்.

“அவர்தான். கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் பாடினார்.”

அவன் முள்ளைத் தூக்கப் போனான்.

“வேண்டாம். மாட்டினது மாட்டினதுதான். முடிச்சிட்டுப் போகட்டும்.”

டிரம்ஸ்காரன் நான்கு நிமிடம் கழித்து நிறுத்தினான். ராதிம் அவனுக்கும் அரைத்தாளம் பிந்தி நிறுத்தினான். தட்டை மிலாடாவே அடுப்பில் போட்டாள்.

பதினோரு நாள் கடிதம் வரவில்லை. அந்த நாட்களில் அவள் தபால்காரரின் காலணிச் சத்தத்தை இரண்டு தெருவுக்கு அப்பாலேயே இனம் கண்டாள். பன்னிரண்டாம் நாள் வந்தது.

“இறந்த நிலையில் இருந்துகொண்டு தடைசெய்யப்பட்ட பாட்டைப் பாடியதன்மூலம், மரணத்துக்குரிய சலுகைகளைத் தோழர் ராதிம் தவறாகப் பயன்படுத்தியுள்ளார். எனவே அவரது மரணம் ரத்துசெய்யப்படுகிறது. அதற்குப் பதிலாக ஏழாண்டு கல்லுடைப்பு விதிக்கப்படுகிறது. அவர் மனைவி, தமக்கு வழங்கப்பட்ட கைம்மையை மூன்று நாட்களுக்குள் ஐந்தாம் சாளரத்தில் ஒப்படைக்கவேண்டும்.”

அவள் மறுநாளே அதைத் துவைத்து, உலர்த்தி, மடித்து எடுத்துப்போனாள். ஐந்தாம் சாளரத்தில் வரிசை நீளமாக இருந்தது. எழுத்தர் அதை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முழங்கையில நைஞ்சுபோச்சே, தோழர்.”

“தினமும் போட்டிருந்தேன்.”

“ஞாயித்துக்கிழமையாவது கழட்டி வச்சிருக்கலாம்.”

“கழட்டலாம்னு யாரும் சொல்லலையே.”

அவர் முத்திரை குத்தி, “அடுத்தவங்க” என்றார். மிலாடாவுக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவள் கையிலிருந்த கடிதத்தைப் படித்துவிட்டு, எழுத்தர் அதே கைம்மையை அவளிடம் தள்ளினார்.

“கையில எடுத்துட்டுப் போகக்கூடாது. இங்கேயே போட்டுக்கணும்.”

அவளுக்கு அது தோளில் தொளதொளவென்று இருந்தது. மிலாடா திரும்பி வந்து, அதன் இரண்டு கைகளையும் அளவாக மடித்துவிட்டாள்.

“கழுத்துப் பொத்தானை மட்டும் போட்டுக்காதேம்மா,” என்றாள். “சாப்பிடறப்ப அடைக்கும்.”