ஒன்பது ரூபாய் டிவிடெண்டும் ஒரு வாளி ஈரத்துணியும்

கவிதாவுக்குக் கோபம் வந்தால் விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கிற ரயில்கூட பயந்து கிளம்பிவிடும் என்று அவள் வீட்டுக்காரர் தேவநாதன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாரல்லவா, ஒரு நாள் வசமாக மாட்டினார்.

கல்யாணத்துக்கு முன்னால் கவிதா புதுச்சேரிப் பக்கம் குறிஞ்சி டெலிகாம் என்ற கம்பெனியில் வேலை பார்த்தாள். செல்போன் டவரில் மாட்டுகிற பெட்டிகளுக்குள் ஒயர் பற்றவைக்கிற வேலை. கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது தொழிலாளிகளுக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்தார்கள். போனஸ் பங்குகளும் சேர்ந்து இப்போது அவள் பேரில் ஆயிரம் இருந்தது.

அந்தக் கம்பெனியின் குணம் அவளுக்கு மாமியார் குணம் மாதிரி அத்துப்படி. லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டாகக் கொடுத்துவிடும், அதுதான் கொள்கை. புது மாடல் பெட்டிக்கு ஆராய்ச்சி நடக்கிற வருஷம் மட்டும் கையை விரித்துவிடும். பங்குக்கு இரண்டு ரூபாய் கொடுத்த வருஷம் வீட்டுக்கு மிக்சி வந்தது. மூன்று ரூபாய் கொடுத்த வருஷம் சீலிங் ஃபேன். அப்புறம் 5ஜி பெட்டி செய்யப்போகிறோம் என்று இரண்டு வருஷம் பட்டை நாமம்! இந்த வருஷம் அந்தப் பெட்டி அமோகமாக விற்று, பங்குக்கு ஒன்பது ரூபாய் என்று அறிவித்தார்கள். ஒன்பதாயிரம்! செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் சரியாக அந்த விலைதான். இருபத்திரண்டு வருஷமாகத் துவைத்துத் துவைத்து இடுப்பு விட்டுப்போன கவிதா, கொல்லையில் மெஷின் வைக்க இடம்கூட அளந்துவிட்டாள்.

தேவநாதன் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைத் தரகர். ஏலத்தில் விலை ஒரு ரூபாய் சறுக்கினால், மறு ரூபாய் சறுக்குவதற்குள் மூட்டையைத் தள்ளிவிட வேண்டும் என்பது அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். பங்கு வாங்கி விற்கிற ஆப் அவர் போனில்தான் இருந்தது, கவிதாவின் போனில் அதற்கு இடமில்லை. டிவிடெண்டுக்குப் பெயர்ப்பட்டியல் எடுக்கிற 'பதிவு நாள்' அன்று, அக்கா பேரனுக்குக் காது குத்தல் என்று அவள் திண்டிவனம் போயிருந்தாள். முந்தின நாள் இருநூற்றுப் பன்னிரண்டில் இருந்த பங்கு, காலையில் இருநூற்று மூன்றில் திறந்தது. கொடுக்கப்போகிற ஒன்பது ரூபாய் அன்றைக்கு விலையிலிருந்து கழிவது சந்தை வழக்கம். அது இந்த மனுஷருக்குத் தெரிந்தால்தானே!

பந்தியில் வடை வைக்கும்போது கவிதாவுக்குப் போன் வந்தது.

"நல்ல வேளை, நான் பாத்துக்கினே இருந்தேன் கவிதா. ஒரே நாள்ல ஒம்போது ரூபா வுழுந்துபோச்சு. மொத்தத்தையும் தள்ளிட்டேன்!"

"எத்தத் தள்ளினீங்க?"

"உன் ஷேரத்தான்."

அவள் போட்ட சத்தத்தில் பந்தியே திரும்பிப் பார்த்தது. அக்கா வீட்டுக்காரர் நடராசன் விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நான் இன்னிக்குக் காலையிலதான் ஐநூறு வாங்கினேன் கவிதா. இன்னிக்குத்தான பதிவு நாளு? உன் ஒம்போது ரூபா இனிமே எனக்கு!"

"சிரிங்க மாமா, நல்லாச் சிரிங்க" என்றாள் கவிதா. வடையைத் தொடவேயில்லை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் ஒரே தீர்ப்பு. "மெஷினத் தொலைச்சது நீங்க. இனிமே வீட்டுத் துணி மொத்தமும் நீங்கதான் தொவைக்கணும்."

மறுநாளே அவள் தன் போனில் இருந்த படங்களை எல்லாம் அழித்து, ஆப்பை ஏற்றி, விற்ற காசுக்கே ஆயிரம் பங்கையும் திரும்ப வாங்கிவிட்டாள். தேவநாதனோ விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனார். பக்கத்து வீட்டு இருதயமேரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னா அண்ணே, பார்ட் டைம் வேலையா?" என்றாள். "பர்மனென்ட்டு!" என்று உள்ளேயிருந்து கவிதா பதில் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் பேங்கிலிருந்து மெசேஜ் வந்தது. குறிஞ்சி டெலிகாம், ஒன்பதாயிரம் வரவு. கவிதா மூன்று தரம் படித்தாள். வித்த பங்குக்கு எப்படி வந்தது? எப்படியோ வந்துவிட்டது, மகராசன் கம்பெனி! சந்தோஷத்தில் கொல்லைக்கு ஓடினாள். அங்கே தேவநாதன் மூச்சு வாங்க ஒரு போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள். அந்த நாளை ஒரு வாரம் வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவநாதன் துவைத்துக்கொண்டிருந்தபோது நடராசன் கூப்பிட்டார். கை ஈரம் என்று தேவநாதன் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னா அநியாயம் சகல இது! எனக்குக் காலணா வரல. புரோக்கரக் கேட்டா, பதிவு நாளுக்கு மொத நாளே வாங்கி இருக்கணுமாம். அன்னிக்கு வித்தவங்களுக்குத்தான் டிவிடெண்டு போவுமாம். வாங்கினவன் நானு, துட்டு உங்களுக்கா?"

"மாட்ட வித்தாலும் கயித்த வித்தவன்தான வச்சிக்குவான் அண்ணே!" என்று தேவநாதன் ஓவென்று சிரித்துப் போனை வைத்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாகத் திரும்பினார். கொல்லை வாசற்படியில் கவிதா நின்றுகொண்டிருந்தாள்.

"துட்டு வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்ப?"

"ஒரு வாரம் ஆச்சு."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"ஏன் கவிதா, இந்த வலி உனக்கு இத்தினி வருஷமா இருக்குதா?"

"இருக்குது."

"எங்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். நீங்க மல்லாட்ட வெலய பாத்துக்கினு இருந்தீங்க."

அவர் மறுபடியும் இடுப்பைத் தடவிக்கொண்டார். கவிதாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் வந்து, "சரி, எழுந்திருங்க. சாயந்திரம் கடைக்குப் போயி அந்த மெஷின எடுத்துக்கினு வந்துடலாம்" என்றாள்.

"எந்த மெஷினு?"

"செமி ஆட்டோமேட்டிக்தான். தொவைச்சதும் நாம எடுத்துப் பக்கத்துத் தொட்டியில போட்டா அதுவே பிழிஞ்சிடும்."

தேவநாதன் தலையை ஆட்டினார். "அது வேணாம். முழு ஆட்டோமேட்டிக்கே வாங்கு. மேல ஆவற துட்ட நான் தர்றேன்."

"எதுக்குங்க அவ்ளோ செலவு?"

"ஈரத்துணி என்னா கனம்னு இப்ப எனக்குத் தெரியும்" என்றார் அவர்.