பின்சீட்டின் நீளம்

இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வெள்ளச்சியை வாரந்தோறும் நாலு பேர் கட்டிலோடு வெள்ளிமலை வரை தூக்கிப்போய், ஆஸ்பத்திரிக்குக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றினார்கள். ஊரே பார்க்க அப்படிப் போவது, உயிரோடு பிணமாகப் போவது போல அவளுக்குக் கூசியது. "வூட்டு வாசலுக்கே கார் வரும், பாரு" என்று வாக்குக் கொடுத்தான் கணவன் கண்ணுசாமி.

கால் மடக்கிப் படுத்தவளைக் கயிற்றால் அளந்துகொண்டு பழைய கார்கள் பார்க்கப் போனான். வேகத்துக்கென்றே செய்த ஒரு காரின் பின்சீட்டில்தான் கயிறு மடங்காமல் கிடந்தது. "மலையில சும்மா பறக்கும்ங்க" என்றார் விற்றவர். வெள்ளிமலை வரை பறக்கத்தான் செய்தது. ஊருக்குப் பிரியும் கல்பாதையில் அதன் தாழ்ந்த அடிவயிறு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது.

வெள்ளச்சியின் தம்பி ஆண்டி குனிந்து பார்த்தான். "சீட்டு நீளத்த அளந்தியே மாமா, அடியில இன்னா உயரம்னு பாத்தியா?"

புதுப்புடவை கட்டி, பவுடர் பூசி, வாசலைப் பார்த்தே படுத்திருந்தாள் வெள்ளச்சி. கண்ணுசாமிக்குப் பின்னால் கட்டில் தூக்கும் அதே நாலு பேர் வருவதைக் கண்டதும், "நா வர்ல" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.