பதினோரு முறை கீறிய கட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. சொன்னவன் நான். முப்பத்திரண்டு வருஷம் காவல் நிலையத்தில் எழுத்தராக இருந்து, மற்றவர்கள் சொன்ன பொய்களை வரி பிசகாமல் எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து, "இதுதான் முதல் தடவை" என்று சொன்னேன். அதைத்தான் எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ராஜபாளையத்தில் மானமுள்ள ஒரு குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குச் சிறு

(அடித்துவிட்டேன். 'சிறு' என்று எழுதப் போன கையை என்ன செய்வது?)

இரண்டாம் தொடக்கம்: வெள்ளத்தாய்க்குப் பத்தொன்பது வயதில் அக்குளில் ஒரு கட்டி வந்தது.

இதுவும் ஆகாது. வெள்ளத்தாய் என்று ஒருத்தி இல்லை. அவள் என் மகள், பெயர் முனீஸ்வரி, வயது இருபத்தெட்டு. பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் தரம் பார்க்கிறாள். ஒன்பது வருஷமாகத் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அதே துணியை அக்குளில் வைத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளத்தாய், சங்கரன்கோவிலில் நான் கொடுத்த பெயர். சிவகாசியில் மாரிக்கனி. தென்காசியில் இசக்கியம்மாள். கட்டி பழுக்கும்போதெல்லாம் வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, வேறு பெயர். வீட்டுக்கு வந்ததும் சீட்டைக் கொளுத்திவிடுவேன். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் அந்த மாதிரிச் சீட்டு கிடக்கக் கூடாது என்பது என் உத்தரவு.

(ஆக, ஒவ்வொரு டாக்டரும் பார்த்தது முதல் கட்டி. கீறினார்கள், சீழ் எடுத்தார்கள், ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். அவர்களை ஏசிப் பயனில்லை. பதினோரு தடவையும் முதல் கட்டியைக் கொண்டுபோய்க் காட்டியவன் நான்.)

3

டாக்டர் ஷெரினுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கையைத் தூக்கச் சொன்னார். முனீஸ்வரியின் வலது கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது.

"முதல் தடவைங்கிறீங்க. தழும்பு மேல தழும்பா இருக்கே அய்யா?"

"சூட்டுக்கட்டிம்மா. தானா உடைஞ்சது."

"தானா உடைஞ்சா இவ்வளவு நேரா உடையாது. யாரோ கத்தி வச்சிருக்காங்க."

வெளியே பெஞ்சில் என் தங்கை அய்யம்மாள் முட்டுவலி மாத்திரைக்காக உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் பாண்டிதுரைக்குத்தான் முனீஸ்வரியைப் பேசி வைத்திருந்தோம். கதவு திறந்து கிடந்தது. நான் குரலைத் தாழ்த்தினேன்.

டாக்டரம்மா தாழ்த்தவில்லை. இது அழுக்கால் வருவதில்லை, அடுத்தவருக்குத் தொற்றுவதுமில்லை என்றார். மயிர்க்கால் அடைபட்டு வீங்கி, தோலுக்கு அடியில் சீழ் வழி தோண்டிக்கொண்டே போகுமாம். வெறுமனே கீறிவிட்டால் வலி குறையும், ஆனால் அநேகமாக எல்லாருக்கும் அதே இடத்தில் திரும்ப வரும். நோய் பிடித்த தோலை அகலமாக எடுத்துவிட்டு, தொடைத்தோலை வைத்துத் தைத்தால் திரும்புவது வெகுவாகக் குறையும்.

"வரவே வராதுன்னு எழுதித் தர மாட்டேன். வேற இடத்துல வரலாம். கை இறுகாம இருக்கத் தினமும் பயிற்சி செய்யணும். ஆனா முதல் கட்டிக்கு அவ்வளவு பெரிய ஆப்பரேஷன் யாரும் செய்ய மாட்டாங்க. கீறித்தான் அனுப்பணும்."

அதாவது, என் பொய் நின்றால் பன்னிரண்டாவது கீறல்.

4

இந்த இடத்தில் மூன்று வழி எழுதிப் பார்த்தேன்.

(அ) தகப்பன் உடைந்து அழுது உண்மையைச் சொல்கிறான். நான் அழவில்லை. அப்படி எழுத நினைப்பவர் என் முகத்தைப் பார்த்து எழுதட்டும்.

(ஆ) ஆப்பரேஷன் முடிந்து தோல் பளிங்காகி, மாலையும் கழுத்துமாக, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைக் குன்றில் படியேறி இருவரும் பெருமாளை

(கிழித்தேன். படியேறுவதற்குத் தோல் எதற்குப் பளிங்காக வேண்டும்?)

(இ) நடந்தது.

"பன்னெண்டாவது, டாக்டர்" என்றாள் முனீஸ்வரி.

"ஏட்டி!"

"வேற வேற பேர்ல பாத்தோம். பேரெல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும், அவியதான் வச்சது. எழுதச் சொல்லுங்க. அவிய கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

அய்யம்மாள் வாசலில் வந்து நின்றாள். "ஏண்ணே, பதினோரு தடவையா? ஊரு ஊராப் போய் அறுத்திருக்க, கூடப்பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை இல்ல. நாளைக்கு எம் மகனுக்கும் வந்தா?"

"தொத்தாதுன்னு சொன்னாங்கள்ல அத்தை? காதை இம்புட்டுத் தூரம் நீட்டுனீய, முழுசாக் கேட்டிருக்கலாம்."

"மருமகளா வர முன்னாடியே வாயைப் பாரு."

"வரலைன்னா இன்னும் பேசுவேன்."

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். வருஷம், ஊர், கொடுத்த பெயர், வலதா இடதா. பதினோரு வரி எழுதினேன். கீழே, 'மேற்கண்ட பெயர்கள் அனைத்தும் என் மகள் முனீஸ்வரியையே குறிக்கும்' என்று எழுதி, சிவனாண்டி என்று கையெழுத்துப் போட்டு, பழக்கத்தில் வாசித்தும் காட்டினேன். ஒன்பதாவது வரி வருவதற்குள் அய்யம்மாள் மாத்திரை வாங்காமலே போய்விட்டாள்.

மானம் பெரிது என்று இன்றும் சொல்வேன். ஒரு பெண்ணின் அக்குளில் சீழ் வைப்பதில் என்ன மானக்கேடு என்று மட்டும் யாராவது எனக்கு விளக்குங்கள். என் தங்கை விளக்கட்டும். 'குளிக்கிறதில்லையா' என்று கேட்ட ஆலை மேற்பார்வையாளர் விளக்கட்டும். 'கல்யாணம் ஆனாச் சரியாப் போகும்' என்ற மருந்துக்கடைக்காரர் விளக்கட்டும். எனக்கு நானே விளக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

5

வலது பக்கம் ஆப்பரேஷன் நடந்து ஐந்து மாதம். வைத்த தோல் பிடித்துவிட்டது, நிறம்தான் வேறு. கை காது வரை போகிறது. காலையில் இறுக்கம் இருக்கிறது. பாண்டிதுரை தாய்க்குத் தெரியாமல் இரண்டு முறை வந்து போனான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எளிதல்ல.

இதுவரை எழுதியதை முனீஸ்வரி வாசித்தாள்.

"முடிவு எங்கப்பா?"

"யோசிக்கேன்."

"யோசிங்க. இடது பக்கத்துக்குத் தேதி வாங்கிட்டேன். புதன்கிழமை போறேன், வாரதுன்னா வாங்க."

நோய் திரும்ப வந்ததா என்று கேட்பீர்கள். ஒரு வருஷமாவது பார்க்காமல் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. அவர் சொல்லாததை நான் எழுத மாட்டேன். கல்யாணம் ஆனதா என்றும் கேட்பீர்கள். அதை ஆப்பரேஷனின் பலனாக நினைத்துக் கேட்பவருக்கு என் வீட்டில் பதில் கிடையாது. அவசரக்காரர்கள் ஆளுக்கொரு முடிவு எழுதிக்கொள்ளுங்கள். இன்று புதன். அவள் செருப்பு மாட்டிவிட்டாள், நான் இன்னும்