செல்லசாமி உட்கார்ந்து சாப்பிட்ட கப்பல்

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாகலெட்சுமி அக்காவும் அவருடைய கணவர் செல்லசாமி அண்ணனும் நடத்தும் சாப்பாட்டுக்கடையில்தான் நான் பாடசாலைக்குப் போகும் முன் தேநீர் குடிப்பேன். அவர்கள் கப்பலில் போய் வந்த கதையை இருவர் வாயாலும் தனித்தனியே கேட்டிருக்கிறேன். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத இடங்களில் அக்கா சொன்னதையே எடுத்துக்கொண்டேன்.

அவர்களுக்குப் பால்மா கொடுக்கும் கம்பனி, மாவட்டத்தில் அதிகமாக விற்ற கடைக்காரர்களை வருடத்துக்கு ஒருமுறை எங்காவது கூட்டிப்போகும். இந்த முறை கப்பல். செய்தியைக் கொண்டுவந்தவர் கம்பனியின் விற்பனைப் பையன் நிரோஷன். கல்லாவில் நின்ற அண்ணனிடம்தான் சொன்னார்.

"அண்ணே, கொழும்புல ஏறி மாலைதீவு போயிட்டு வர்றது. சாப்பாடு, தங்குறது, ஆட்டம் பாட்டம் எல்லாம் கப்பலுக்குள்ளயே. ரெண்டு பேருக்கு எடம்."

"கடைய யாரு பாக்குறது?" என்றார் அண்ணன். "அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துருங்க தம்பி."

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கினார். "கடை லைசன் யாரு பேர்ல இருக்கு தம்பி?"

"உங்க பேர்லதான் அக்கா."

"அப்ப என் பேர எழுதிக்கங்க. நான் வர்றேன். இவரு வர்றாரா இல்லையானு நாளைக்குச் சொல்றோம்."

அன்று இரவு ஷட்டரை இழுத்துப் பூட்டும்போதுதான் அண்ணன் கேட்டார். "தனியாப் போயிருவியா?"

"போயிருவேன். ஆனா நீங்க பக்கத்துல இல்லாட்டி எனக்குச் சாப்பாடு ருசிக்காது. அதான் கூப்பிடுறேன்."

அதற்கு மேல் அண்ணனால் மறுக்க முடியவில்லை. வட்டவளையில் இருக்கும் அக்காவின் தங்கை சுதர்ஷினி வந்து கடையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று. இருவரும் ஸ்டேஷனில் கோச்சி ஏறிக் கொழும்புக்கு இறங்கினார்கள்.

கப்பலின் வாசலிலேயே அண்ணனுக்குச் சிக்கல் ஆரம்பித்துவிட்டது. வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் தட்டில் குளிர்ந்த பழச்சாறு கொண்டுவந்து நீட்டினார்கள். அக்கா வாங்கிக் குடித்து, கிளாஸைத் திரும்பத் தட்டில் வைத்து, "ருசியா இருக்கு" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நடந்தார். அண்ணன் வெறும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கழுவுவதற்குக் குழாய் தேடினார். அறை வரைக்கும் அந்தக் கிளாஸோடுதான் போனார்.

அறையில் கடலைப் பார்த்த பெரிய கண்ணாடி. மெத்தையின் மேல் ஒரு குளியல் துவாயை யானை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். "இத யாரு மடிச்சிருப்பாங்க, பாவம்" என்றார் அண்ணன். "எவ்வளவு அழகா மடிச்சிருக்காங்க பாருங்க" என்றார் அக்கா. ஒரே யானைதான்.

இரவுச் சாப்பாட்டு மண்டபம் இரண்டு மாடி உயரம். மேலேயிருந்து கண்ணாடி விளக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்தவர் ராகலையில் பேக்கரி வைத்திருக்கும் பத்திநாதன். அவரும் இதே கம்பனியின் விருந்தாளி. பரிமாற வந்த இளைஞன் லசந்த, மாத்தறைக்காரன். இவர்கள் இலங்கைக்காரர்கள் என்று தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு பதார்த்தமும் என்ன, எப்படிச் செய்தது என்று சிங்களத்தில் விளக்கினான்.

அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு காளான் சூப், எலுமிச்சை போட்டுச் சுட்ட மீன், கடைசியில் சூடான சொக்லட் புடிங் என்று ஒன்றொன்றாகச் சொன்னார். சூப் வந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தவர், "தம்பி, இன்னும் கொஞ்சம் சூடா வேணும்" என்றார். அண்ணன் கூச்சத்தில் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டார். லசந்த சிரித்த முகத்தோடு எடுத்துப்போய் ஆவி பறக்கக் கொண்டுவந்தான்.

"என்ன லெட்சுமி, கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமக் கேக்குற."

"நம்ம கடைக்கு வர்ற ஆள்ல ஒங்களுக்கு யாரப் புடிக்கும்? என்ன வேணும்னு தெளிவாச் சொல்லி, நல்லாச் சாப்பிட்டு, நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போறவரத்தானே? நான் அப்படி ஒரு ஆளா இருக்கேன்."

அண்ணன் சாப்பிட்டாரே தவிர, என்ன சாப்பிட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. பதினான்கு வயதில் ஹட்டனில் ஒரு ஹோட்டலில் தட்டெடுக்கச் சேர்ந்தவர். அன்றிலிருந்து இன்றுவரை யாராவது நின்றால் அவரும் நின்றுதான் பழக்கம். மேசையில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த நிமிடம் கை தானாக நீண்டது. பத்திநாதனுடைய தட்டு, அக்காவுடைய தட்டு, பக்கத்து மேசைச் சீனக் குடும்பத்தின் தட்டுகள் என்று இடது கையில் அடுக்கிக்கொண்டு சமையலறைக் கதவை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

லசந்த ஓடிவந்து மறித்தான். "வாடி வென்ன அங்கிள்" என்று சிங்களத்தில் கெஞ்சினான். தயவுசெய்து உட்காருங்கள் என்று. அண்ணன் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் துடைக்கும் துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். பத்திநாதன் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

மறுநாள் காலை, தானே எடுத்துச் சாப்பிடும் மண்டபத்தில், முட்டை பொரிக்கும் இடத்தில் நெரிசல். அண்ணன் அங்கே நின்று ஆட்களை வரிசைப்படுத்தினார். மத்தியானம் லசந்தவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு இரண்டு மேசைக்குத் தண்ணீர் வைத்தார். அதை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். அவர் மேசைக்கு வந்து மிகவும் மரியாதையாக, சேவையில் ஏதாவது குறை இருக்கிறதா, இந்தப் பையன் கவனிக்கவில்லையா என்று கேட்டார். லசந்த பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை.

அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கூட்டிச் சேர்த்தார். பையன் மிக நல்லவன், வேலை மிகச் சுத்தம், தவறு முழுவதும் தன்னுடையது என்று சொன்னார். அக்கா அதையே சிங்களத்தில் லசந்தவிடம் சொல்லி, மேற்பார்வையாளரிடம் சொல்லச் சொன்னார். அவர் தலையசைத்துச் சிரித்துவிட்டுப் போனார். லசந்தவுக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் கப்பலின் மேல்தளத்தில், கடற்காற்றில் இருவரும் சாய்வு நாற்காலியில் இருந்தார்கள். அக்கா கால்களை நீட்டிப் படுத்திருந்தார். அண்ணன் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லது செய்யுறேன்னு போயி அந்தப் பையன் வயித்துல அடிக்கப் பாத்தேன்" என்றார்.

"ஒண்ணும் ஆகல. விடுங்க."

"உக்காந்து சாப்பிட்டா எறங்க மாட்டேங்குது லெட்சுமி. நான் என்ன செய்ய?"

அக்கா எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தார். "இந்தா பாருங்க. பரிமாறுறது அந்தப் பையனோட வேல. சாப்பிடுறது இந்த நாலு நாளைக்கு நம்ம வேல. அவன் வேலைய அவன் சரியாப் பாக்குறான். ஒங்க வேலைய நீங்கதான் பாக்க மாட்டேங்குறீங்க."

அன்று இரவு அண்ணன் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் முதல் வாங்கில் இருக்கும் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாப்பாடு பாதிதான் இறங்கியது.

அடுத்த நாள் மாலையில் கப்பலின் அரங்கத்தில் மாயாஜாலக் காட்சி. சிவப்பு மெத்தை ஆசனங்கள், மேடையில் தங்க நிறத் திரை. கறுப்புக் கோட் போட்ட உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் புறாக்களை வரவழைத்தார், சீட்டுகளைப் பறக்கவிட்டார். பிறகு ஆள் உயரப் பெட்டி ஒன்றை உருட்டி வந்து, பார்வையாளர்களில் யாராவது ஒருவர் மேலே வர வேண்டும் என்று கேட்டார். எல்லோரும் சிரித்து, ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒளிந்தார்கள்.

அக்கா எழுந்தார்.

"எங்க போற?" அண்ணன் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"கூப்பிடுறாங்கல்ல."

மஞ்சள் கரைபோட்ட நீலச் சேலையில், நிதானமாகப் படியேறி மேடையில் நின்றார். பெயர் கேட்டார் வித்தைக்காரர். முழுப் பெயரையும் சொன்னார் அக்கா. அவர் தடுமாறவே, "நாக" என்று ஒரு தடவையும் "லெட்சுமி" என்று ஒரு தடவையும் பிரித்துச் சொல்லி, அவர் சரியாகச் சொல்லும்வரை காத்திருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, "தலவாக்கலை" என்றார். அப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று அந்த அரங்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்திநாதன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

அக்கா பெட்டிக்குள் போனார். கதவு மூடியது. வித்தைக்காரர் நீளமான வாள்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் செருகினார். இந்தப் பக்கம் செருகியது அந்தப் பக்கம் வந்தது. மூன்றாவது வாளுக்கு அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "சேர், போதும்" என்றார் தமிழில். வித்தைக்காரர் அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நான்காவதையும் செருகினார். பிறகு எல்லாவற்றையும் உருவி எடுத்துக் கதவைத் திறந்தார்.

பெட்டி காலி.

அண்ணன் அதை என்னிடம் சொல்லும்போது இப்போதும் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறார். கல்யாணம் முடித்து இருபத்தேழு வருடத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் இருந்தது அந்த நேரம் மட்டும்தான் என்றார்.

விளக்கு ஒன்று திரும்பி அரங்கத்தின் பின்கதவில் விழுந்தது. கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார். சேலையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. ஆயிரம் பேர் எழுந்து கைதட்ட, நடுப்பாதையில் நடந்து வந்து, தன் ஆசனத்தில் அமர்ந்து, "தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

"எங்க போன?"

"பெட்டிக்குள்ள."

"அப்புறம்?"

"அப்புறம் வந்துட்டேன்."

"அது எப்படி?"

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுனு அந்த மனுசன் கேட்டுக்கிட்டாரு. சரின்னுட்டேன்."

"நான் யாரோவா?"

"புருசன்தான் மொதல்ல கேப்பாரு, அவருகிட்டயும் சொல்லாதீங்கன்னு அந்த மனுசன்கூட நின்ன பொண்ணு சொல்லுச்சு."

அங்கிருந்து நேரே இரவுச் சாப்பாடு. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார், ஆனால் நினைவு பெட்டியில். அடியில் கதவு இருந்திருக்க வேண்டும் என்று பத்திநாதனிடம் வாதாடினார். பத்திநாதன், அது வேறொரு பெண், அதே மாதிரிச் சேலை கட்டி ஆயத்தமாக நின்றிருப்பாள் என்றார். "என் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா?" என்று அண்ணன் ரொட்டியில் வெண்ணெயைத் தடவினார். சூப் வந்தது, குடித்தார். மீன் வந்தது, முள்ளை ஒதுக்கிச் சாப்பிட்டார். வெறும் தட்டுகளை லசந்த எடுத்தபோது, தட்டுக்கு வழிவிட்டு உடம்பைச் சாய்த்தபடியே, "அப்ப வாள் எப்படி இந்தப் பக்கம் வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இறைச்சி இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றான் லசந்த. "வை" என்றார். புடிங் இரண்டு முறை வந்தது.

லசந்த அக்காவைப் பார்த்தான். அக்கா உதட்டில் விரலை வைத்தார். அவன் அண்ணனுக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிவிட்டுப் போனான்.

தேநீரைப் பாதி குடித்த பிறகுதான் அண்ணனுக்குத் தெரிந்தது. மேசையைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. தன் கைகளைப் பார்த்தார். "நான் எழுந்திரிக்கவே இல்ல" என்றார்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார் அக்கா.

அண்ணன் யோசித்தார். "அந்த இறைச்சி பஞ்சு மாதிரி இருந்துச்சு" என்றார். "அந்த வெங்காயத்த என்னமோ இனிப்பா வதக்கியிருந்தாங்க. மீன்தான் சரியா ஞாபகமில்ல. நாளைக்கு மறுபடி கேக்கணும்."

மறுநாள் கேட்டார். மீன், கூடவே அந்த வெங்காயம், தேநீர் மட்டும் கொஞ்சம் சாயம் கூடக் கடுமையாக என்று மூன்றையும் தானே சொன்னார். மத்தியானம் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் பாட்டுக் கச்சேரி நடந்தது. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கேட்டார். கடைசி இரவில் பரிமாறுகிற பிள்ளைகள் எல்லோரும் இசைக்கு ஆடிக்கொண்டே மண்டபத்தைச் சுற்றி வந்தார்கள். விருந்தாளிகள் கைத்துணிகளைச் சுழற்றினார்கள். செல்லசாமி அண்ணனும் சுழற்றினார். பத்திநாதன் அதைத் தன் போனில் படம்பிடித்து வைத்திருக்கிறார்.

இறங்கும் காலையில் லசந்தவின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் சொன்னாராம்: "நீ நல்லாப் பாத்துக்கிட்ட தம்பி. நான் நல்லாச் சாப்பிட்டேன்." அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு நாலு நாள் ஆயிற்று என்கிறார் அக்கா.

இப்போது மத்தியானச் சன நெரிசல் ஓய்ந்ததும் கடையில் ஒன்று நடக்கிறது. அண்ணன் தோளில் கிடக்கும் துண்டை ஆணியில் மாட்டிவிட்டு, ஜன்னலோர மேசையில் வந்து உட்காருகிறார். அக்கா சோறும் கறியும் கொண்டுவந்து வைக்கிறார். அவர் சாப்பிட்டு முடித்ததும் அக்கா உட்காருகிறார், அண்ணன் பரிமாறுகிறார். அந்த அரை மணி நேரத்தில் யார் வந்து கூப்பிட்டாலும், "கொஞ்சம் இருங்க, சாப்பிடுறோம்" என்று பதில் வரும். அந்தப் பதிலை நான் முதல் நாள் கேட்டபோது ஆச்சரியப்பட்டேன். இப்போது பழகிவிட்டது.

பெட்டி விஷயத்தை ஊரே கேட்டுப் பார்த்துவிட்டது. பஸ் கண்டக்டர்கள் கேட்டார்கள், தோட்டத்துத் துரையின் டிரைவர் கேட்டார், நானும் கேட்டேன். போன வாரம் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் அக்காவை விடாமல் நச்சரித்தார். அடியில் குழியா, பின்னால் கண்ணாடியா, ஒரு குறிப்பாவது கொடுங்கள் என்றார். அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சிரித்தார்.

கல்லாவிலிருந்து அண்ணன்தான் பதில் சொன்னார். "என்கிட்டயே சொல்லல, ஒங்கிட்டயா சொல்லப் போறாங்க? வாக்குக் குடுத்திருக்காங்க. டீ ஆறுது, குடி."

சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமை. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.