மகள் பேரில் வந்த பாட்டுக் காசு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் மறைத்து வைக்கத் தெரிவதில்லை. தின்ற இட்லியைக்கூடப் படம் பிடித்து ஊருக்கே காட்டுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் சம்பளத்தைச் சொல்கிறார்கள். தேசப்பனுக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கையில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னால் மறுநாள் அது கையில் இருக்காது என்பது அவர் கட்சி.

அன்று மத்தியானம் குழாயடியில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தவர், மகள் மோகனப்ரியா வெயிலில் வருவதைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த நேரத்தில் வருகிறவள் இல்லை. காலையில் லோன் விஷயமாகப் பேங்குக்குப் போயிருந்தாள். அவர்கள் குடியிருந்த ராயபுரம் வீட்டை உரிமையாளர் மலிகா விற்கப்போகிறார். "இருக்கிறவங்களுக்கே முதல்ல" என்று மாதக் கடைசிவரை கெடு கொடுத்திருந்தார். லோன் வந்தால் வீடு. வராவிட்டால் தெரு.

"இன்னா மோகனா, லோன் கெட்ச்சிதா?"

"நைனா, நான் பாட்டு எழ்தறனாமே, தெரியுமா ஒனக்கு?"

தேசப்பன் கை நின்றுபோனது.

"மூணு வருசமா எம்பேருல பாட்டுக்கு ராயல்டி வந்துகினு கீதாம். வரிக் கணக்குல நான் அத்த காட்டலன்னு நோட்டீசு வுட்டுக்கிறாங்க. மொதல்ல அத்த முடிச்சிட்டு வான்னு பேங்குல சொல்லிட்டான். எந்தப் பாட்டு நைனா நான் எழ்தனேன்?"

எல்லாம் அவர் வாயால் கட்டிய பாட்டு. சாவு வீடுகளில் கானா பாடிய காலத்தில், யானைக்கவுனியில் ஒரு கேசட் கம்பெனிக்குக் கட்டிக் கொடுத்தது. கேசட் செத்தது, பாட்டு சாகவில்லை. போனில் ஏறி ஓடியது. உங்களுக்கும் பங்கு உண்டு என்று கம்பெனி ஆள் வந்து பான் கார்டு கேட்டபோது, தன் பேர் வெளியே தெரிந்தால் முதியோர் பென்ஷனில் கை வைப்பார்கள் என்று தேசப்பன் பயந்தார். மகளின் கார்டு நகலைக் கொடுத்தார். அவள் படிக்கும்போது திறந்து மறந்துபோன பேங்க் கணக்கையும் கொடுத்தார். அதன் ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருந்தது.

"குடிச்சா அழிச்சேன்? வாடகைக்குத் துட்டு பத்தலன்னு நீ கேக்கசொல்லோ எடுத்துக் குட்த்தது அதானே?"

"குட்த்த. எங்கேர்ந்து வருதுன்னு சொன்னியா?"

"அபராதம் கட்டிட்டா வுட்ருவான். கோடி கோடியா முழுங்கறவன கேக்க துப்பில்ல, எங்கிட்ட வந்துட்டான்!"

"உங்கிட்ட எங்க வந்தான்? எங்கிட்டதான வந்தான். ஆடிட்டர் கைல கேட்டேன். இத்த சரி பண்ண மாசக் கணக்கா ஆவுமாம். மலிகாக்கா அதுவரிக்கும் காத்துகினு இருக்காது. வேற ஆளு ரெடியா கீறாங்களாம். நீ உம்பேருல வாங்கிக் காட்டியிருந்தா, ஒன் கொறஞ்ச வருமானத்துக்கு வரியே கெடையாதாம் நைனா. கம்பெனி வரின்னு புட்ச்சிக்கினதுகூட திரும்பி வந்துருக்குமாம்."

தேசப்பன் இன்னொரு நெத்திலியை எடுத்துத் தலை கிள்ளினார்.

"என்னிக்கோ செஞ்ச வேலைக்கு இன்னிக்குத் துட்டு வந்தாலும் அது வருமானம்தான். சம்பாரிச்சவன் பேருலதான் வாங்கணும், அவந்தான் கணக்கும் காட்டணும். மறைக்கிறதுக்கு இன்னொருத்தர் பேர எட்த்தா, மாட்டறது அவங்கதான். பெத்த பொண்ணுன்னு பாக்காது சட்டம்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாமி படங்களைச் சுவரிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது.

"சொந்தப் பேர குட்த்தவன்லாம் நல்லா வாழ்ந்துட்டான் போ" என்று முணுமுணுத்தார் தேசப்பன். உள்ளே போய் ஒரு படத்தையாவது வாங்கி இறக்கிவைக்கத் தோன்றவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கடல் பக்கமாக நடந்தார்.