வெளுத்த சட்டை

நஷ்டஈட்டு முகாமுக்காகப் பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கி மூன்று மேசை போட்டிருந்தார்கள். எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. எல்லாரும் இழுத்து மூடப்பட்ட சாயப்பொடிக் கம்பெனியின் ஆட்கள். வரிசை நகர்ந்ததோ இல்லையோ, இருமல் மட்டும் முன்னாலிருந்து பின்னால் வரை நகர்ந்துகொண்டே இருந்தது.

இருபத்திரண்டாவது ஆளாக மாம்பழம் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருஷம் அரவை மிஷினில் மஞ்சள் சாயப்பொடி அரைத்துவிட்டு, தலைமுடி முதல் கால் நகம் வரை மஞ்சளாக வீடு திரும்பியவருக்குத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. இப்போது ஆள் பாதியாக இளைத்துவிட்டார். பெயர் மட்டும் இளைக்கவில்லை.

பக்கத்தில் அவர் மனைவி, மடியில் ஒரு துணிப்பை.

"குடு, நான் வெச்சுக்கறேன். கை வலிக்கும் உனக்கு."

"வேணாம். நீங்க கசக்கிடுவீங்க."

கசக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் விரலிடுக்குகளில் தோல் வெடித்து வெடித்து ஆறியிருந்தது. சட்டைத் துணியில் அது சொரசொரவென்று உரசியது.

தொழிற்சங்கத்துக்காக மனு எழுதும் பெண் வரிசையோடு நடந்து வந்தாள். இரண்டு வருஷமாக இந்த ஆட்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதில் செருப்பு தேய்ந்திருந்தது.

"அண்ணே, சட்டை வந்துடுச்சா?"

"உங்க அண்ணி மடியை விட்டு எறக்கவே மாட்டேங்கறா, தங்கச்சி."

"பத்திரம் அண்ணி. நம்ம கையில இருக்கறது அது ஒண்ணுதான்."

அது உண்மை. கம்பெனி தன் ரிஜிஸ்டரில் மாம்பழத்தை வாட்ச்மேன் என்று எழுதி வைத்திருந்தது. வாட்ச்மேனுக்கு எப்படிப் பொடி நெஞ்சில் போகும்? கூட வேலை பார்த்தவர்கள் சொன்னால் செல்லாதாம், அவர்களும் நஷ்டஈடு கேட்பவர்களாம். மிஞ்சியது அவர் மிஷினடியில் மயங்கி விழுந்த அன்று போட்டிருந்த சட்டை. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்தது, பையோடு பரணில் கிடந்தது. அதைச் சோதனைக்கு அனுப்பி, பொடி இருக்கிறது என்று வந்துவிட்டால் ஆயுளுக்கும் இலவச வைத்தியத்துக்கு அட்டை கிடைக்கும். அட்டை இல்லாவிட்டால் இந்த மாத மருந்தோடு சரி.

மத்தியானம் தாண்டி அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல மாதிரி. மாம்பழத்தை உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு பையைத் திறந்தார்.

சட்டை தும்பைப்பூப் போல இருந்தது. இஸ்திரி மடிப்பு கலையாமல், காலர் விறைப்பாக, அறுந்திருந்த இரண்டாவது பொத்தானுக்குப் புதுப் பொத்தானோடு. சோப்பு வாசனை மேசை முழுக்கப் பரவியது.

சங்கத்துப் பெண் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "அண்ணி... தொவச்சுட்டீங்களா?"

"அதிகாரி பாக்கணும்னு சொன்னாரே இவரு..." அவள் கணவனைப் பார்த்தாள். "முந்தாநாள் நீங்க ஊசி போடப் போனப்ப எடுத்துப் பார்த்தேன். ஒரே மஞ்சக் கறை. நாலு பேர் பாக்கற எடத்துக்கு அப்படியே எப்படிங்க கொண்டு வர்றது? மூணு தரம் ஊற வெச்சு, பிரஷ் போட்டு..."

பாதியில் அவளுக்கே புரிந்துவிட்டது.

மாம்பழம் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "சார், பதினெட்டு வருஷம் என்னை வாசல்லயே நிறுத்தி, சட்டையக் கழட்டி வாளியில போட்டாத்தான் உள்ள விடுவா. என் பொஞ்சாதி தொவச்சா கறை நிக்குமா?" மேசைக்கடியில் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "அழாத. நான்தான் வெவரமாச் சொல்லல. தப்பு என்னுது."

சங்கத்துப் பெண் அந்தக் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தாள். "சட்டையில இல்லன்னா இங்க இருக்கு, சார். பாருங்க. இவங்க தினமும் அந்தப் பொடியில கை ஊறினவங்க."

அதிகாரி பார்த்தார். வெடிப்புகளுக்குள்ளும் நக ஓரத்திலும் மஞ்சள் இறங்கியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"அம்மா, நீங்க கம்பெனியில வேலை பாத்தீங்களா?"

"இல்லீங்க. வீட்டுலதான்."

"அப்ப உங்க கையை நான் எழுத முடியாதும்மா. வேலை பாத்தவங்களுக்குத்தான் இந்த முகாம். சட்டையச் சோதிக்கச் சொல்லித்தான் உத்தரவு." அவர் குரல் தாழ்ந்தது. "என்ன வருதோ, அனுப்பி வைக்கிறேன்."

"என்ன வரும்னு உங்களுக்கே தெரியுமே, சார்," என்றாள் சங்கத்துப் பெண். அவர் சட்டையைப் பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம் நகர்த்தினார்.

குமாஸ்தா சட்டையை உறையில் போட்டு அரக்கு வைத்தான். ரசீதில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தான். "வெள்ளைச் சட்டை ஒன்று. கறை எதுவும் இல்லை. கொடுத்தவங்க கையெழுத்துப் போடணும்."

அவள் ஒரு கையால் ரசீதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். காலையிலிருந்து வியர்த்த கை. இரண்டு எழுத்து எழுதுவதற்குள் குமாஸ்தா சட்டென்று ரசீதை உருவிக்கொண்டான்.

"கொஞ்சம் கையைத் தொடச்சுட்டு வாங்கம்மா. பேப்பரெல்லாம் மஞ்சளாகுது பாருங்க."

"மன்னிச்சுக்கங்க தம்பி," என்றாள் அவள். துணிப்பையின் ஓரத்தில் ஒவ்வொரு விரலாக அழுத்தித் துடைத்தாள். அவன் வேறொரு வெள்ளைத் தாள் எடுத்து, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தான்.