மரணமோ தூரமோ

கெடு முடியப் பத்து நாள் கூட இல்லை. அதற்குள் கோர்ட்டுக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட வேண்டும் என்று ஐஷம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். கெசியா "போகலாம், போகலாம்" என்று சொல்லிக்கொண்டே அடுத்தவர் வீட்டுத் துணிகளை வெந்நீரில் புரட்டிக்கொண்டிருந்தாள்.

சட்டம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. விடுதலையான கறுப்பு ஜனங்களில் புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிறவர்கள் கிளார்க் முன்னால் போய் நின்று, இன்ன வருஷத்திலிருந்து சேர்ந்திருக்கிறோம் என்று எழுதவேண்டும். செப்டம்பருக்குள் எழுதாவிட்டால் குற்றம். போன வருஷம்வரை இதே வட கரோலினாவில் அவர்களுக்குக் கல்யாணம் என்ற ஒன்றே சட்டத்தில் கிடையாது. இருநூறு வருஷம் பிரித்துப் பிரித்து விற்றவர்களுக்கு இப்போது இவர்கள் பதியாமல் வாழ்வது அசிங்கமாகப் படுகிறதாம். சட்டத்தை எழுதினவர்களுக்குக் கை கூசியிருக்காதா என்று கேட்டால், கூசியிருக்காது.

கெசியா தள்ளிப்போட்டதற்குக் காரணம் டைட்டஸ். அவளுடைய முதல் புருஷன்.

பதினெட்டு வயதில் அவனோடு கைகோத்து, அடிமைகளின் கல்யாணச் சடங்காகத் தரையில் கிடத்திய துடைப்பத்தைத் தாண்டினாள். பண்ணை முதலாளி வேடிக்கைக்காக ஒரு வெள்ளைக்காரப் பாதிரியையும் வரவழைத்திருந்தார். அவர் ஜெபப் புத்தகத்தைத் திறந்து, "மரணமோ தூரமோ உங்களைப் பிரிக்கும்வரை" என்று வாசித்தார். புத்தகத்தில் மரணம் மட்டும்தான் இருந்தது. தூரத்தை அவரே சேர்த்துக்கொண்டார். அடிமைகளுக்கு வாசிக்கும்போது எல்லாப் பாதிரிகளும் சேர்த்துக்கொள்வார்கள். கெசியாவுக்கு அப்போது அது காதில் விழவேயில்லை. டைட்டஸ் தேவைக்கு மேல் உயரமாகக் குதித்துக் கீழே விழுந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வருஷம் கழித்து முதலாளி செத்தார். பிள்ளைகள் சொத்தைப் பங்கு போட்டார்கள். ஆட்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். டைட்டஸ் மூத்த மகளின் கையில் வந்தான். அவள் அலபாமாவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கெசியா இரண்டாவது மகனுக்கு வந்து இங்கேயே தங்கினாள். ஒரு புதன்கிழமை காலையில் டைட்டஸ் வண்டிக்குப் பின்னால் நடந்து போனான். யாரும் கோபத்தில் செய்யவில்லை, தண்டனையும் இல்லை. தொப்பிக்குள் ஒரு பெண்ணின் கை போய்வந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து, வர்ஜீனியாவிலிருந்து ஒரு வியாபாரி ஓட்டிவந்த அடிமைக் கூட்டத்திலிருந்து ஐஷமை வாங்கினார்கள். டர்பன்டைன் எண்ணெய் அடைக்கப் பீப்பாய் செய்கிற ஆள் வேண்டியிருந்தது. மேஸ்திரி அவனைக் கெசியாவின் குடிசை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இனிமேல் இவன் உன்னோடு என்று சொல்லிவிட்டுப் போனான். ஐஷம் உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் குடிசைக்குக் குறுக்கே கயிறு கட்டித் தன் கம்பளியைத் தொங்கவிட்டான். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். ஒரு வருஷத்துக்குமேல் அப்படித்தான் இருந்தார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் அவன் இருமலைக் கேட்கப் பொறுக்காமல் கெசியாவே கம்பளியை அவிழ்த்து அவன்மேல் போர்த்தினாள். அதன்பின் அது கயிற்றுக்குத் திரும்பவில்லை. இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் காய்ச்சலில் போயின.

ஒரே ஒரு முறை ஐஷம் தன் கதையைச் சொன்னான். வர்ஜீனியாவில் அவன் பெயர் ஜூபல். இந்தப் பண்ணையில் கோவேறு கழுதை ஓட்டுகிற ஜூபல் ஒருவன் ஏற்கெனவே இருந்ததால், கணக்குப் பிசகக் கூடாதென்று இவனை ஐஷம் ஆக்கிவிட்டார்கள். அங்கே டல்சீனா என்று ஒரு மனைவி. அவனை விற்றபோது நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். சொல்லி முடித்ததும் இதை மறுபடி கேட்காதே என்றான். கெசியாவும் கேட்கவில்லை. வேறு யாருக்கும் அது தெரியாது.

போர் வந்தது, நாலு வருஷம் நடந்தது, முடிந்தது. முடிந்ததும் விற்றுப்போன உறவுகளை எல்லோரும் தேடத் தொடங்கினார்கள். பாஸ்டர் ஏனோக்குக்குத்தான் எழுத்து தெரியும். அவர் ஊராருக்காகக் கடிதம் எழுதிக் கண்ட கண்ட ஊர்ச் சபைகளுக்கெல்லாம் அனுப்புவார். அங்கிருந்து வருகிற கடிதங்களை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முடிந்ததும் வாசிப்பார். தெரிந்த பெயர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். கெசியா இதுவரை நாலு கடிதம் அலபாமாவுக்கு எழுதச் சொல்லியிருந்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. துணி அலசும்போதெல்லாம், ஏதோ ஒரு சபையில் ஒரு பெஞ்சில் டைட்டஸ் உட்கார்ந்து தன் கடிதத்தைக் கேட்பதாக நினைத்துக்கொள்வாள். ஐஷம் ஒரு கடிதமும் எழுதச் சொல்லவில்லை. ஏன் என்று அவள் கேட்டதற்கு, "கெடச்சா என்ன செய்றது?" என்றான்.

வியாழக்கிழமை ஒருவழியாகக் கோர்ட்டுக்குப் போனார்கள். வாசல் மரத்தைச் சுற்றி நாலு வளையமாக வரிசை நின்றது. படிக்கட்டில் ஒரு காலை இழந்த வெள்ளைக்காரர் ஒருவர், இந்தப் போர் அடிமைகளுக்காக நடக்கவேயில்லை, எங்கள் உரிமைக்காக நடந்தது என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். வரிசையில் முன்னால் நின்ற கிழவி செலா, கெசியாவின் காதருகே குனிந்தாள்.

"எந்த உரிமைன்னு கேளேன். நம்மள விக்கிற உரிமைதான். அதச் சொல்ல மட்டும் வாய் வராது."

அவர் காலைப் பார்க்கக் கெசியாவுக்குப் பாவமாகவும் இருந்தது. அவருக்கு ஒரு அடிமை கூடச் சொந்தமாக இருந்திருக்காது. யாரோ வைத்துக்கொள்வதற்காக இவர் போய்க் காலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் கால் வீணாகப் போய்விடும் அல்லவா?

செலாவின் முறை வந்தபோது எந்த வருஷத்திலிருந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்று கிளார்க் கேட்டார். வானத்திலிருந்து நட்சத்திரங்கள் கொட்டின வருஷம் என்றாள் கிழவி. அவள் புருஷனோ, அது இல்லை, அதற்கு அடுத்த அறுவடை என்றான். இருவரும் அங்கேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். முப்பத்துமூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்ததற்கு அந்தச் சண்டையே சாட்சி என்று கிளார்க்குக்கும் தோன்றியிருக்க வேண்டும், எழுதிக்கொண்டார். பிறகு பேரேட்டை மூடிவிட்டு மிச்சம் திங்கட்கிழமை என்றார்.

திரும்பும் வழியில் கெசியா ஐஷமிடம் சொன்னாள். இந்த ஞாயிறு ஒரு தடவை கடிதங்களைக் கேட்டுவிடுகிறேன். டைட்டஸிடமிருந்து ஒன்றும் இல்லையென்றால் திங்கட்கிழமை விடியும்போதே வந்து உன்னோடு பெயரை எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு தேடமாட்டேன்.

"சரி," என்றான் ஐஷம். அவன் அதிகம் கேட்கிறவன் இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைத் தானே துவைத்துக் காயப்போட்டான், திங்கட்கிழமைக்கு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இன்னும் கட்டிடம் எழும்பாத சபை. பைன் மரக் கம்புகளை நட்டு மேலே தழை போட்டிருந்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் ஏனோக் ஒற்றைக் கண்ணாடி மட்டும் மிச்சமிருந்த மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் கடிதம் ஒரு தாய் தன் மூன்று மகன்களைத் தேடியது. யாரும் எழவில்லை. இரண்டாவது கடிதமும் யாரையும் எழுப்பவில்லை. இன்னும் ஒன்றுதான் இருக்கிறது என்றார். கெசியா பாவாடை நுனியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என் புருஷன் ஜூபலைத் தேடுகிறேன்," என்று அவர் வாசித்தார். "வர்ஜீனியாவில் ஹார்விக் என்பவரிடம் இருந்தோம். பதினாலு வருஷத்துக்கு முன் அவரை விற்றார்கள். உங்கள் பக்கத்துப் பண்ணை ஒன்றுக்குப் போனதாக இப்போதுதான் தெரிந்தது. அப்போது வயிற்றில் இருந்த பெண்ணுக்கு அர்மிண்டா என்று பெயர் வைத்தேன். அப்பா எப்படி இருப்பார் என்று கேட்கிறாள். இங்கே ஒரு நல்ல மனிதர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். ஜூபல் உயிரோடு இருந்தால் நான் காத்திருப்பேன். இல்லையென்றால் அதையாவது யாராவது எழுதிப் போடுங்கள். டல்சீனா."

கெசியா திரும்பிப் பார்க்கவில்லை. ஐஷமின் இரண்டு கைகளும் அவன் முழங்கால்மேல் இருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவை அசையவில்லை.

பின்னால் யாரோ, ஜூபலா, கழுதை ஓட்டுவானே அவன்தானே, போர் தொடங்கின வருஷமே செத்துப்போனானே என்றார்கள். அவனும் வர்ஜீனியாப் பக்கம்தான் என்று சொல்லியிருக்கிறான் என்றாள் செலா. அவர்களுக்குத் தெரிந்த ஜூபல் அவன் ஒருவன்தான். ஐயோ பாவம் என்று இரண்டு மூன்று குரல்கள் கேட்டன. ஏனோக் பெருமூச்சு விட்டுப் பையில் பென்சிலைத் தேடினார். இறந்துவிட்டார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன், நாளைக்குப் பதில் எழுதிவிடலாம் என்றார்.



உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம். எங்கேயோ ஒரு பெண் கொஞ்சம் அழுவாள், பிறகு அந்த நல்ல மனிதரைக் கட்டிக்கொள்வாள். நாளைக் காலையில் துவைத்த சட்டையோடு ஐஷம் கிளார்க் முன்னால் நிற்பான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனை எழுத்தில் தன்னுடையவன் என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை நாள் போகலாம் போகலாம் என்று இழுத்தவளுக்கு, இந்த நிமிஷத்தில் அந்தப் பேரேட்டில் தன் பெயர் இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஐஷம் இல்லாமல் அந்தக் குடிசைக்குள் போவதை அவளால் நினைக்கவே முடியவில்லை.

ஆனால் பென்சில் கிடைத்துவிட்டது. அவர் அதை நாக்கில் தொட்டு நனைத்தார். அந்தப் பென்சிலைப் பார்த்தபோது கெசியாவுக்குத் தன் நாலு கடிதங்களும் ஞாபகத்துக்கு வந்தன. அலபாமாவில் எந்தப் பென்சில் எதைக் குறித்ததோ? டைட்டஸுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாளோ? நல்லவள் என்பதால் கெசியா எழுந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"எழுதாதீங்க ஐயா. ஜூபல் சாகல. இந்தா, எம் பக்கத்துல உக்காந்திருக்காரு."

வீடு திரும்பும் வழியில் ஐஷம் ஓடையில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீ பேசாம இருந்திருக்கலாம், கெசியா."

"இருந்திருக்கலாம்."

"அவ மொகம் எனக்கு ஞாபகமே இல்ல. நெனச்சா ஒம் மொகம்தான் வருது."

"அதுக்கு நான் என்ன பண்ண? அவளுக்கு ஒம் மொகம் ஞாபகம் இருக்கே."

"போகாதன்னு சொல்லு. ஒரு வார்த்த சொல்லு, இருந்துர்றேன்."

அந்த ஒரு வார்த்தை அவள் வாயில்தான் இருந்தது. டல்சீனா மட்டும் என்றால் சொல்லியிருப்பாள். அப்பா எப்படி இருப்பார் என்று கேட்ட பெண் குறுக்கே வந்துவிட்டாள். தன் இரண்டு குழந்தைகளைப் புதைத்தபோது ஐஷம்தான் மண்ணைத் தள்ளினான். அவனுக்கு உயிரோடு ஒரு பெண் இருக்கிறாள்.

"களைச்சுப் போச்சுய்யா எனக்கு," என்றாள். "அத மட்டும் எங்கிட்ட கேக்காத."

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் புறப்பட்டான். சோள ரொட்டியும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கட்டிக்கொடுத்தாள். திங்கட்கிழமைக்காகத் துவைத்த சட்டையைப் போட்டிருந்தான். பெண்ணைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று மூன்று முறை சொன்னான். மூன்றாவது முறை சொன்னபோது அது அவனுக்கே நம்பிக்கை இல்லாத பேச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வந்தா வா," என்றாள் கெசியா. "வரலன்னா யாரையாவது விட்டு எழுதிப் போடு. செத்துட்டேன்னு மட்டும் எழுதச் சொல்லாத."

அவன் கம்பளியை எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரிகள் குளிரத் தொடங்கிவிடும் என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை.

சனிக்கிழமையோடு கெடு முடிந்து கிளார்க் பேரேட்டைக் கட்டி வைத்துவிட்டார். அதில் செலா இருக்கிறாள், அவள் புருஷன் இருக்கிறான், பண்ணையில் பாதிப்பேர் இருக்கிறார்கள். கெசியா இல்லை. அவள் அங்கே எட்டிப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் சபையில் நாலு கடிதம் வாசித்தார்கள். ஒன்றும் அவளுக்கில்லை. கூட்டம் கலைந்தபிறகு பாஸ்டர் ஏனோக்கிடம் போய் அலபாமாவுக்கு ஐந்தாவது கடிதம் எழுத வேண்டும் என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் பலகையை மடியில் வைத்துக்கொண்டார். டைட்டஸின் பெயர், முதலாளியின் பெயர், தொப்பியில் சீட்டு எடுத்த வருஷம் எல்லாம் அவருக்கே மனப்பாடம். எழுதி முடித்துவிட்டு, இந்தத் தடவை புதிதாக ஏதாவது சேர்க்கணுமா என்று கேட்டார்.

"ஒண்ணு சேக்கணும் ஐயா. அவரு பக்கத்துல பொம்பள யாராச்சும் உக்காந்திருந்தா, அவளுக்கு ரெண்டு வார்த்த."

"சொல்லு தாயி. என்ன எழுத?"

 நான் எழுந்த மாதிரி நீயும் எழுந்திரு என்றுதான் கெசியா எழுதச் சொல்ல வந்திருந்தாள். அந்தப் பெண் யாரோ, கம்பளியை எப்போது அவிழ்த்தாளோ, எத்தனை குழந்தைகளைப் புதைத்தாளோ. பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கடைசிக்கு முந்தின பெஞ்சில் போன ஞாயிறு அவளும் ஐஷமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணும் வேண்டாம் ஐயா," என்றாள். "எப்பவும் எழுதுறத மட்டும் எழுதி அனுப்புங்க."